சுவர் ஏடு

கோலாலம்பூரிலிருந்து வடக்கே செல்லும் பழைய நெடுஞ்சாலையில் ரவாங், செரண்டா, பத்தாங்காலி ஆகிய ஊர்களைக் கடந்தால் ராசா என்னும் சிற்றூர் வரும். அதற்கு அப்பால் கோலகுபு பாரு. இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே ஓடும் இவ்வூரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செறிந்திருந்தன. வடசிலாங்கூரின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் பால்மரங்கள் நின்ற இடங்களில் பின்னர்ச் செம்பனை நின்றது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. தோட்டம் மறைந்தால் மரங்களோடு மனிதர்களின் தடங்களும் மறைந்துவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆயினும் ராசாவின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டின் அடுக்களைச் சுவருக்குள் அத்தகைய தடமொன்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் இருந்தது.

அவ்வீட்டில் இருவர் வாழ்கின்றனர். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபதைக் கடந்தவர். மற்றவர் அவருடைய தமக்கையார், எண்பதைக் கடந்தவர். ஆசிரியர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தமக்கையாரோ பள்ளி வாசலை மிதித்ததில்லை. விடியுமுன் தாயும் தந்தையும் பெரட்டுக்குச் சென்றுவிட, தம்பியை இடுப்பில் சுமந்து, கஞ்சி காய்ச்சி, தண்ணீர் பிடித்து வைக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. சட்டம் பள்ளியைக் கொணர்ந்தது. வீட்டிலிருந்த கைக்குழந்தையை ஏந்திக்கொள்ள வேறு கையைக் கொணரவில்லை. மூத்த பெண்பிள்ளைகள் பலருடைய கல்வி அந்த இடைவெளியில் விழுந்து போயிற்று.

அடுக்களையின் தெருப்பக்கச் சுவர் சாய்ந்துவிட்டதால் அதனை அகற்றிச் செங்கற்சுவர் எழுப்ப ஆசிரியர் ஏற்பாடு செய்தார். அது இரட்டைப் பலகைச் சுவர். வெளிப்பலகைகளைக் கழற்றிய வேலையாள் உள்பலகைகளைக் கண்டதும் கடப்பாரையைத் தாழ்த்திவிட்டு ஆசிரியரை அழைத்தார். செங்குத்தாக அடிக்கப்பட்டிருந்த பலகைகளின் மறைந்த முகம் முழுவதும் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. பழுப்பேறிய செய்தித்தாள், அதன்மேல் வண்ண நாட்காட்டிப் படங்கள், நடுவே பெரிய விளம்பரத் தாள் ஒன்று. ஒரு பலகையில் குழந்தையின் பாதி முகம். ஐந்து பலகைகளுக்கு அப்பால் மறு பாதி. வேறோர் இடத்தில் மருந்துக் குப்பியை ஏந்திய ஒரு பெண்ணின் கை. எழுத்துகளும் அவ்வாறே சிதறிக் கிடந்தன. ஓரிடத்தில் ‘குழந்’ என்றிருந்தது. ‘தைகள்’ மூலையில் தலைகீழாக இருந்தது.

இச்சிதறலுக்குக் காரணத்தை ஆசிரியரால் உடனே உணர முடிந்தது. தொழிலாளர் குடியிருப்புகளின் தரம் குறித்து 1966ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னர்த் தோட்டங்களில் பழைய பலகை லயங்கள் படிப்படியாக இடிக்கப்பட்டன. தாங்கள் வாழ்ந்த லயம் இடிக்கப்பட்டபோது தந்தை அதன் பலகைகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, ராசாவில் வாங்கியிருந்த சிறு மனையில் அடுக்களை கட்டினார். காகிதம் ஒட்டிய பக்கம் அழகின்றி இருந்தமையால் அதனை உள்ளே திருப்பி அடித்தார். எந்தப் பலகை எதன் அருகில் இருந்தது என்பது அவருக்குத் தேவையில்லாத செய்தி. பலகை வீணாகக் கூடாது என்பது ஒன்றே அவர் கருத்து. அந்நாளில் ஆசிரியர் வேறு மாவட்டத்துப் பள்ளியொன்றில் பணியாற்றிக் கொண்டிருந்தார். சுவர் எழுந்ததை அவர் காணவில்லை.

லயத்து வீடுகளில் காகிதம் ஒட்டும் வழக்கம் ஏன் தோன்றிற்று என்பதை இன்றைய மாணவர்க்குச் சொல்ல வேண்டும். பச்சை மரப்பலகை காயக் காயச் சுருங்கும். இரு பலகைகளுக்கிடையே விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விழும். அவ்விடுக்கின் வழியே குளிர்காற்று வரும், கொசு வரும், அடுத்த வீட்டு விளக்கொளியும் பேச்சும் வரும். ஒரே கூரையின்கீழ் நீண்ட வரிசையாய் அமைந்த லயத்தில் ஒரு குடும்பத்தின் மறைவு ஒரு தாளின் கனமே இருந்தது. ஆகவே தீபாவளிக்கு முன்னர் மரவள்ளி மாவில் பசை காய்ச்சிக் கிடைத்த தாளையெல்லாம் ஒட்டினர். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்த்தோரும் உண்டு. கடைக்காரர் பொருள் சுற்றிக் கொடுத்த நாளிதழ், ஆண்டு தொடக்கத்தில் இனாமாகக் கொடுத்த நாட்காட்டி, கடைச் சுவரிலிருந்து கழற்றிய விளம்பரத் தாள் ஆகியவையே அவ்வீடுகளின் சுவர்ப்பூச்சு.

விளம்பரமென இன்று நாம் சற்று இளக்காரமாகக் குறிக்கும் அத்தாள்களுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. இரவிவர்மா 1894ஆம் ஆண்டில் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடம் தெய்வ வடிவங்களை எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தது. அவ்வடிவங்களின் அடியிலே வணிகர்கள் தம் பொருளின் பெயரைப் பொறித்தனர். பின்னர்ச் சிவகாசி அச்சகங்கள் அத்தொழிலை வளர்த்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த முருகனும் திருமகளும் நாட்காட்டிகளின் வாயிலாக நாடெங்கும் பரவினர். தமிழ்நாட்டிலும் மலாயாவிலும் ஏழையின் வீட்டில் பூசைப்படமாக விளங்கியது பெரும்பாலும் ஒரு கடையின் விளம்பரமே. கீழே அச்சிட்டிருந்த கடையின் பெயரைக் கத்தரித்துவிட்டுப் படத்துக்குச் சட்டமிட்டோர் பலர். பெயரோடு வணங்கியோரும் பலர்.

இத்தகைய கண்டெடுப்புகள் உலகின் பிற இடங்களிலும் நேர்ந்துள்ளன. இலண்டனில் நாட்டிங் ஹில் கேட் என்னும் சுரங்க இரயில் நிலையத்தைப் புதுப்பித்தபோது, 2010ஆம் ஆண்டில், பயன்பாட்டிலிருந்து நீங்கிய மின்தூக்கிகளுக்குச் செல்லும் பழைய நடைவழியொன்றில் 1956க்கும் 1959க்கும் இடைப்பட்ட விளம்பரத் தாள்கள் ஒட்டியபடியே காணப்பட்டன. நகரும் படிக்கட்டுகள் அமைந்ததும் அவ்வழி மூடப்பட்டது. தாள்கள் ஒளியும் கையும் படாமல் உறங்கின. அங்கே தாள்களைக் காத்தது மூடப்பட்ட வழி. ராசாவில் காத்தது ஒரு தொழிலாளியின் சிக்கனம்.

ஆசிரியர் முதலில் அத்தாளின் காலத்தை அறிய முற்பட்டார். கற்பிப்போர்க்கு இயல்பான ஆர்வம் அது. தாளில் ஆண்டு இல்லை. ஆயினும் ‘மலாயா’ என்னும் சொல் இருந்தது. மலேசியா உருவானது 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள். எனவே தாள் அதற்கு முற்பட்டதாதல் வேண்டும் என்று கொண்டார். எழுத்துகளோ பழைய வடிவின. ணை, லை, ளை, னை என்பன யானைத் துதிக்கை போன்ற வளைவைச் சூடியிருந்தன. ணா, றா, னா என்பன கால் தனியே நில்லாமல் சுழித்திருந்தன. ஈ.வெ.ரா. பெரியார் 1935ஆம் ஆண்டிலேயே தம் ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைக் கையாண்டார். எனினும் தமிழ்நாட்டு அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது 1978ஆம் ஆண்டில்தான். மலேசியப் பாடநூல்கள் அதன் பின்னரே அவ்வடிவங்களுக்கு மாறின. ஆகவே எழுத்து வடிவம் மட்டும் காலத்தைக் குறுக்கித் தரவில்லை. அடியிலிருந்த நாளிதழின் நாள் கிழிந்து போயிருந்தது. ஆனால் அவசரகாலத்தைப் பற்றிய செய்தியொன்று அரைகுறையாய்த் தெரிந்தது. அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. பன்னிரண்டு ஆண்டுகளுள் எந்த ஆண்டு என்பதே எஞ்சிய வினா.

அவ்வேளையில் தமக்கையார் பின்னால் வந்து நின்றார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர் வேலையாளை நோக்கி, “தம்பி, அந்த மூலைப் பலகையைக் கழற்றித் தலைமாற்றி இங்கே வை,” என்றார். அடுத்து மற்றொன்று. அதற்கடுத்து வேறொன்று. தரையில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகப் பலகைகள் அடுக்கப்பட, குழந்தையின் முகம் கூடிற்று. தாயின் கை அதன் நெற்றியருகே வந்தது. ஒரு பலகை மட்டும் இல்லை. விறகாயிற்றோ, வேறெங்கே போயிற்றோ. தமக்கையார் அந்த வெற்றிடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, “தலைவலி, பல்வலி, வயிற்றுவலி,” என்று வரிசையாகச் சொன்னார். அங்கே எழுத்துகள் இல்லாததால் அவர் நினைவிலிருந்து சொல்கிறார் என ஆசிரியர் கருதினார். ஆனால் அடுத்த கணம் அவர் அதன் கீழிருந்த நாளிதழின் ஒரு துண்டில் கண் பதித்து, திருமண அறிவிப்பொன்றைத் தட்டுத்தடுமாறாமல் படித்தார்.

ஆசிரியர் தரையில் அமர்ந்துவிட்டார். “அக்கா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியும் தம்பி.”

“எப்போதிருந்து?”

“நீ நடை பழகின வருசம் அப்பா இதை ஒட்டினார். அதுக்கு அப்புறம்.”

ஆசிரியர் தேடிய ஆண்டு அதுவே. தாள் ஒட்டப்பட்டது ஏறத்தாழ 1952ஆம் ஆண்டில் என்பது அவ்விடையால் விளங்கிற்று. ஆனால் அவருடைய மனம் அக்கணக்கில் நிற்கவில்லை.

தமக்கையார் கற்ற முறையை அன்று மாலைவரை சிறிது சிறிதாகச் சொன்னார். அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர் தாளிலிருந்ததை ஒரேயொரு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கேட்டதைச் சிறுமி மனத்தில் நிறுத்திக்கொண்டாள். தம்பியைத் தூளியில் ஆட்டியபடி நாள்தோறும் சுவரையே நோக்கினாள். மூன்று வரிகளிலும் ‘வலி’ என்னும் ஓசை வருகிறது. மூன்று வரிகளின் இறுதியிலும் ஒரே உருவம் இருக்கிறது. ஆகவே அவ்வுருவமே ‘வலி’. அதனை நீக்கினால் எஞ்சுவது ‘தலை’. ‘தலை’யின் இறுதியில் கேட்கும் ஓசை தன் பெயரின் இறுதியிலும் கேட்கிறது, எனவே துதிக்கை வளைந்த அந்த எழுத்துத் தன்னுடையது. அவ்வெழுத்தைச் சுவரெங்கும் தேடினாள். நாளிதழில் கண்டாள், நாட்காட்டியில் கண்டாள், தெரிந்த எழுத்தின் துணையால் தெரியாத எழுத்தை ஊகித்தாள். அடுப்புக்கரியால் தரையில் எழுதி, தாய் திரும்புமுன் சாணமிட்டு மெழுகிவிட்டாள்.

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் இம்முறையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எகிப்தின் பழைய எழுத்தை ஆராய்ந்த சம்போலியன், தெரிந்த மன்னர் பெயர்களில் திரும்பத் திரும்ப வந்த குறிகளை ஒப்பிட்டே 1822ஆம் ஆண்டில் அதன் பூட்டைத் திறந்தார். பொதுவான ஓசைக்குப் பொதுவான உருவம் என்னும் அதே நெறியை, அப்பெயரைக் கேட்டறியாத பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தோட்டத்து லயத்தில் தானே கண்டாள். அறிஞருக்கு ஊக்கமளிக்க ஒரு நாடே இருந்தது. சிறுமிக்கு ஒரு தைல விளம்பரம் இருந்தது. அதனை ஒட்டிய வணிகர்க்கு விற்பனை ஒன்றே நோக்கமாயினும், தாளில் பொறித்த எழுத்து விற்பனையோடு நின்றுவிடவில்லை.

“ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை?” என்று ஆசிரியர் கேட்டார். தமக்கையார் விடை கூற நெடுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியில் சேர்ந்த நாள் முதல் தம்பி மாலைதோறும் பாடத்தை அவருக்குப் படித்துக் காட்டுவான். வளர்ந்தபின் ‘தமிழ் நேச’னைப் படித்துக் காட்டுவான். அக்காவுக்குத் தெரியாததைத் தான் சொல்லிக் கொடுப்பதாக அவனுக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையை எதற்குக் கெடுப்பது என விட்டுவிட்டாராம். 1924ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நாளிதழ் 2019ஆம் ஆண்டில் நின்று போகும்வரை ஆசிரியர் காலைதோறும் தலைப்புச் செய்திகளை அவருக்குப் படித்து வந்தார். தாம் அறிவைக் கொடுத்துக் கொண்டிருந்ததாக எண்ணிய அத்தனை காலைகளிலும் ஒன்றைப் பெற்றுக் கொண்டிருந்தார் என்பது அவருக்கு இப்போதுதான் விளங்கிற்று.

அவரை மிகவும் வருத்தியது வேறொரு நினைவு. தந்தை மறைந்தபின், 1984ஆம் ஆண்டில், மனையைத் தம்பி பெயருக்கு மாற்றத் தமக்கையாரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அலுவலகத்தில் மலாய்மொழிப் பத்திரத்தின் பொருளை ஆசிரியரே எடுத்துச் சொன்னார். தமக்கையார் தலையசைத்தார். எழுதுகோல் மேசைமேல் இருந்தது. ஆயினும் ஆசிரியர் ஒரு சொல்லும் கேளாமல் மைத்தட்டை நகர்த்தி வைத்து, அவர் பெருவிரலைப் பிடித்து ஒற்றி எடுத்தார். கைநாட்டு வைத்த விரலைத் தமக்கையார் முந்தானையில் நெடுநேரம் துடைத்துக் கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. மை போகவில்லை போலும் என்று அன்று எண்ணினார். தம் பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவரை, தமிழ் கற்பிக்கும் தாமே, எழுத்தறியாதவராகப் பதிவு செய்துவிட்டார். மனையைக் கொடுத்ததில் தமக்கையாருக்குக் குறை இல்லை. கையொப்பத்தைக் கேட்டிருக்கலாம்.

இதனை ஆசிரியர் வாய்விட்டுச் சொன்னபோது தமக்கையார், “அப்ப உனக்குத் தெரியாதே தம்பி,” என்று மட்டும் கூறினார். அச்சொல்லில் குற்றச்சாட்டும் இல்லை. முழு ஆறுதலும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டிருக்க வேண்டியவர் கேட்கவில்லை என்னும் உண்மை அதனுள் அப்படியே இருந்தது. எழுத்தறிவில்லாதோர் எனத் தோட்டத்துப் பெண்களைக் குறித்த பட்டியல்கள் எத்தனை! அவற்றுள் எத்தனை பெயர்களுக்கு எதிரே எழுதுகோல் நீட்டப்பட்டது, எத்தனை பெயர்களுக்கு எதிரே மைத்தட்டு நீட்டப்பட்டது என்பதை எந்தப் பட்டியலும் கூறுவதில்லை.

மாலையில் லாரி வந்தது. பழைய பலகையை ஏற்றிச் செல்வதாக ஒப்பந்தம். ஆசிரியர் விளம்பரத் தாளுக்குரிய பலகைகளை மட்டும் நிறுத்திக்கொண்டு, தமக்கையார் சொன்ன வரிசைப்படி பின்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எண் இட்டார். தாளைப் பிரித்தெடுக்க முயலவில்லை. மாவுப்பசையில் அறுபது ஆண்டு ஊறிய தாள் உரித்தால் தூளாகும் என்பதை அவர் விரல்நுனியே உணர்த்தியது. பலகைகளை முன்கூடத்தின் உட்சுவரில், வெயில் படாத இடத்தில், சாய்த்து வைத்தார். இல்லாத பலகையின் இடத்தை அடைக்காமல் விட்டுவிட்டார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொரு பெரியவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், பிறர் வீசியெறியும் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்புகளையும் பழம்புத்தகங்களோடு சேர்த்துப் போற்றி வைத்தார். 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒரு தாள் குப்பையா, ஆவணமா என்பதைப் பெரும்பாலும் அதனை முதலில் கையிலெடுப்பவரே முடிவு செய்கிறார். மலேசியத் தோட்டங்களில் இடிந்த லயங்களோடு சென்ற சுவர்த்தாள்களை அப்படிக் கையிலெடுத்தவர் மிகச் சிலரே.

சில திங்கள் கழிந்து தமக்கையாருக்குக் கண்புரை அறுவை செய்ய நேர்ந்தது. மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தை நீட்டிய பணியாளர், முதியவரின் தோற்றத்தைக் கண்டு மைத்தட்டை எடுக்கப் போனார். ஆசிரியர் தம் சட்டைப்பையிலிருந்த எழுதுகோலைத் திறந்து தமக்கையாரிடம் கொடுத்தார்.

அவர் உடனே எழுதவில்லை. “எனக்குப் பழைய லை தான் தம்பி தெரியும். ஏத்துக்குவாங்களா?” என்றார்.

1978க்குப் பின் மாணவர் ஏடுகளில் அவ்வடிவத்தைக் கண்டபோதெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருத்தியவர் ஆசிரியர். “எழுதுங்கள் அக்கா,” என்றார்.

தமக்கையார் மெதுவாக எழுதினார். இறுதி எழுத்துக்கு வந்ததும் துதிக்கையைச் சற்று உயரமாகவே வளைத்தார். பணியாளர் அதனை ஒருமுறை பார்த்துவிட்டு முத்திரை இட்டார். படிவம் மற்றப் படிவங்களோடு கோப்பினுள் சென்றது.